இடுப்பு வலியும் படுக்கையும்

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாம் எழுந்து நின்றால் போதும். வீட்டிலுள்ளோர் அனைவரும் வைத்தியராகிவிடுகின்றனர். "அசையாமல் படுத்துக்கொள்ளுங்கள்" என்பதே அவர்தம் முதல் மருந்து. அன்போடு தரப்படும் அம்மருந்தை மறுப்பது எளிதன்று. எனினும் நாம் மறுக்கின்றோம். அதற்குக் காரணம் உண்டு.

பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியரிடையே நடந்த ஆய்வொன்று 1995இல் வெளிவந்தது. புதிதாக இடுப்பு வலி கண்ட 186 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையில் கிடந்தனர். மற்றொரு பிரிவினர் முதுகுக்கான பயிற்சி செய்தனர். மூன்றாமவர் வலி பொறுக்குமளவு அன்றாட அலுவல்களையே தொடர்ந்தனர். விரைந்து தேறியோர் இம்மூன்றாமவரே.

படமெடுத்துப் பார்த்தால் வலியின் வேர் தெரியாதா என்பர் சிலர். முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படமெடுத்த அமெரிக்க ஆய்வொன்று 1994இல் வெளியாயிற்று. அவர்களுள் பாதிக்குமேற்பட்டோர்க்கு முதுகெலும்பிடைத் தட்டு பிதுங்கியிருந்தது! படத்தில் காண்பதெல்லாம் நோயாகாது.

நாட்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியையும் நோய் பற்றிய தெளிவையும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையும், அபின் வகை மாத்திரையும் வழக்கமாகத் தரவேண்டாமென்றது.

சிறுநீர் தடைப்பட்டாலோ, தொடையிடை மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ உடனே மருத்துவமனை செல்லவேண்டும். ஏனைய வலிகளில் மெல்ல நடப்பதே நலம். மூட்டை சுமப்பவருக்கும் தையற்காரருக்கும் இச்செய்தி சேரவேண்டும். வேண்டாத படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் அவர்க்குக் கூலியற்ற நாளன்றோ!