சயானில் ஒரு பால் வங்கி

மும்பை சயான் ரயில் நிலையத்தில் இறங்கினால், நம் நெல்லைச் சீமையினர் தலைமுறைகளாக வாழும் தாராவி ஒருபுறம். அதற்கு அண்மையிலேயே லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் இங்குதான் தோன்றியது. தோற்றுவித்தவர் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ்.

குறைமாதச் சிசுக்களுக்கு வரும் குடல் அழுகல் நோயை, மாவுப்பாலினும் தாய்ப்பால் பெரிதும் குறைக்கிறது. பெற்றவளுக்குச் சுரக்காதபோது பிற தாய்மார் ஈந்த பாலை 62.5 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கி ஊட்டுகின்றனர்.

நமது தயக்கம் வேறு. பலரது பாலையும் ஒன்றாகக் கலப்பதே வங்கிகளின் வழக்கம். பாலூட்டியவளும் தாயே, அவள் மக்களை மணத்தல் ஹராம் என்பது அன்னிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனம். ஹனபி மத்ஹபில் ஒருமுறை அருந்தினாலே இவ்வுறவு உண்டு. ஷாபிஈயில் ஐந்து முறை வேண்டும். பெயரறியாப் பாலில் உறவை எங்ஙனம் அறிவது? 1985இல் ஜித்தாவின் பன்னாட்டு ஃபிக்ஹ் பேரவை இவ்வங்கிகளைத் தடுத்தது. மார்பில் அருந்தினாலன்றி உறவில்லை என்று யூசுப் அல்கர்ளாவி அனுமதித்தார்.

இரு தீர்ப்புகளுக்கும் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோ எடையில் ஒரு சிசு பசித்துக் கிடக்கிறது. மருத்துவரிடம் கேளுங்கள்: ஒரே தாயின் பாலைத் தனிப்புட்டியில் தர இயலுமா, அவர் பெயரை நாங்கள் எழுதிக்கொள்ளலாமா என்று.