அங்கத்தவர்களுக்கான அறிவித்தல்



கொஞ்சம் நீளமான பதிவு. வந்தாறுமூலை, சித்தாண்டி, செங்கலடி, ஏறாவூர்ப் பக்கம் இருப்பவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள். விளையாட்டுக் கழகங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பில் இருக்கும் தம்பிமார் கட்டாயம் வாசியுங்கள்.

பொதுக்கூட்டக் காலம் வருகிறது. நான் படிப்பிக்கும் பாடசாலைக்குக் கிட்ட உள்ள ஒரு கழகத்தின் கூட்டமும் வருகிறது. கழகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. சொல்லப்போவது அநேகமான கழகங்களுக்குப் பொருந்தும். போன வருடம் அந்தக் கூட்டத்தின் அறிவித்தல் ஒரேயொரு வாட்ஸப் குழுவில் மட்டும் வந்தது. குழுவில் இருந்தவர்கள் கிரிக்கெட் ஆடும் பொடியன்மார். புதிய நிர்வாகம் மாலையோடு நின்று எடுத்த படத்தைப் பேஸ்புக்கில் பார்த்துத்தான் மைதானத்துக்கு முன் வீட்டுக்காரருக்கே விஷயம் தெரிந்தது.

அவர் அந்தக் கழகத்தின் பழைய கோல் கீப்பர். யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர். இப்போது வீட்டு வாசலில் சைக்கிள் திருத்துகிறார். "நான் இன்னும் மெம்பரா இல்லையா எண்டே தெரியா டீச்சர்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தாய்மார் அங்கத்துவப் படிவம் கேட்டுப் போனார்கள். மூன்று பேருக்கும் சீனி வருத்தம். தினமும் நடக்கச் சொல்லி கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். நடக்க வேறு இடம் இல்லாததால் விடிய ஐந்து மணிக்கு மெயின் ரோட்டு ஓரத்தில் நடக்கிறார்கள், முகத்தில் லொறி வெளிச்சம் அடிக்க அடிக்க. மைதானத்தைச் சுற்றி நடக்கலாமே என்றுதான் கேட்டார்கள். கிடைத்த பதில்: "அக்காமாருக்கு மாதர் சங்கம் இருக்குத்தானே."

நான் ஏறாவூர்க்காரி. அந்தக் கழகத்தில் அங்கத்தவர் அல்ல. "உங்களுக்கு ஏன் டீச்சர் இந்த வேலை?" என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்பது வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். வலயப் போட்டியில் குண்டு போட்டு இடம் எடுத்த பிள்ளை, உயர்தரம் எழுதிய அடுத்த நாளிலிருந்து மைதானத்தை மதிலுக்கு மேலால் மட்டும் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். என் கதையும் அதுதான். கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் ஒவ்வொரு பின்னேரமும் வலைப்பந்து ஆடினேன். நியமனக் கடிதம் கையில் கிடைத்த நாளோடு அது முடிந்தது. யாரும் தடுக்கவில்லை. போய்ச் சேர ஓர் இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை எழுத வைத்தது மெல்பனில் இருந்து வந்த ஒரு தாள். சாச்சாவின் மகள் அங்கே வீட்டுக்குக் கிட்ட உள்ள லோன் போல்ஸ் கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். கழகம் அங்கத்தவர்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் அறிவித்தல் தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். இரண்டே பக்கம். சந்தா கட்டக் கடைசித் திகதி. புல்லுக்கு மருந்து அடிப்பதால் தளம் மூடியிருக்கும் நாட்கள். சனிக்கிழமைகளில் தேநீர் போடும் முறை யாருடையது. ஜோடிப் போட்டிக்குப் பெயர் எழுத விரும்புபவர்கள் பலகையில் எழுதலாம். புதியவர்கள் வரும் நாள், பந்து கழகம் தரும், தட்டையான அடியுள்ள சப்பாத்து போதும். காலமான மூத்த அங்கத்தவர் ஒருவரைப் பற்றி நான்கு வரி. பொதுக்கூட்டம், கணக்கறிக்கை, நிர்வாகத்துக்குப் போட்டியிட விரும்புபவர்களுக்கான படிவம்.

"கிளப்புல பார் ஒண்டு இருக்கு ராத்தா, நான் தேத்தண்ணி மேசையில இருக்கன்" என்றாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. அவளோடு ஜோடி சேர்ந்து ஆடும் மனுசிக்கு எழுபத்தாறு.

நமக்குத் தெரியாத விளையாட்டு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன வயதில் போளை அடித்தவர்களுக்கு இலகுவாக விளங்கும். வெட்டி உருட்டிச் சமப்படுத்திய புல்தரையில் முதலில் ஒரு சின்னப் பந்தை உருட்டி விடுவார்கள். அதன் பெயர் ஜாக். பிறகு இரண்டு பக்கத்தாரும் பெரிய பந்துகளை உருட்டுவார்கள். யாருடைய பந்து ஜாக்குக்குக் கிட்டப் போகிறதோ அவர்களுக்குப் புள்ளி. இதிலுள்ள சூட்சுமம், பெரிய பந்து சரியான உருண்டை அல்ல. ஒரு பக்கம் சற்று வித்தியாசமாகச் செய்யப்பட்டிருக்கும். வேகம் குறையக் குறையப் பந்து வளைந்து போகும். நேரே குறி வைத்தால் தப்பும். எங்கே வளையும் என்று மனதில் பார்த்து விட வேண்டும். ஓடத் தேவையில்லை, பாயத் தேவையில்லை. பந்தின் பாரம் ஒன்றரைக் கிலோ அளவுதான்.

இது கிழவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தால் 2022ஐப் பாருங்கள். பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் நால்வர் ஆட்டத்தில் இந்தியா தங்கம் எடுத்தது. லோன் போல்ஸில் இந்தியாவின் முதல் தங்கம் அது. லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்க்கி என்ற நான்கு பேர். இறுதி ஆட்டத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 8–2 என்று முன்னால் நின்று, பிறகு 8–10 என்று பின்னால் போய், கடைசியில் 17–10 என்று வென்றார்கள்.

யார் இவர்கள்? லவ்லி அப்போது ஜார்க்கண்ட் பொலிஸில் கான்ஸ்டபிள், மெய்வல்லுநர் போட்டிகளில் இருந்து வந்தவர். நயன்மோனி பளுதூக்கியவர், காலில் காயம் பட்டபிறகு இந்தப் பக்கம் வந்தார். ரூபா ராணி கபடி ஆடியவர். பிங்கி அப்போது டில்லியில் ஒரு பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியை. 2010 டில்லிப் போட்டிக்காக அவருடைய பாடசாலை பயிற்சி இடமாக இருந்ததால்தான் இந்த விளையாட்டே அவருக்குப் பழக்கமானது. நான்கு பேரில் இரண்டு பேர் அப்போது நாற்பதைக் கடந்தவர்கள்.

ஒரு மைதானம் பாடசாலைக்குள் வந்தது. ஒரு டீச்சர் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் தங்கம். கதவு திறந்திருந்தால் நடப்பது இது.

மலேசியாவின் சித்தி ஸலீனா அஹ்மத்தையும் சொல்ல வேண்டும். 2006 மெல்பன் போட்டியில் பெண்கள் தனியாட்டத்தில் தங்கம் எடுத்தவர். "நம்ம பொம்புளப் புள்ளைகளுக்கு விளையாட்டு ஒத்துவராது" என்று பேசும் நம் பக்கத்து ஆட்களுக்காகச் சொல்கிறேன்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது அதே பர்மிங்ஹாமில் நடந்த இன்னொன்று. பார்வை குறைந்தவர்களுக்கான கலப்பு ஜோடி ஆட்டத்தில் ஸ்கொட்லாந்து வென்றது. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வழிகாட்டி இருப்பார். பந்து எங்கே நிற்கிறது என்று மணிக்கூட்டு முள்ளைப்போல் சொல்லிக் கொடுப்பார்: ஜாக்குக்கு ஒரு மீட்டர் பின்னால், பன்னிரண்டு மணிப் பக்கம் என்று. வழிகாட்டிக்கும் பதக்கம் உண்டு. அப்படி வழிகாட்டியாக நின்று தங்கம் வாங்கிய ஜோர்ஜ் மில்லருக்கு அப்போது வயது 75. அதற்குச் சற்று முன்னர் அதே நாட்டின் ரோஸ்மேரி லென்டன் என்ற பெண்மணி சக்கர நாற்காலியில் இருந்து ஆடித் தங்கம் எடுத்தார். அவருக்கு அப்போது 72.

இதை வாசித்தபோது நம் கோல் கீப்பர் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார்.

லோன் போல்ஸ் எப்போதும் எல்லோருக்கும் திறந்திருந்த விளையாட்டும் அல்ல. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1541ஆம் ஆண்டு, ஒரு சட்டம் போட்டார்கள். கைவினைஞர்களும் கூலியாட்களும் வேலை பழகும் பிள்ளைகளும் நத்தார் காலத்தைத் தவிர மற்ற நாட்களில் இதை ஆடக்கூடாது. சொத்துள்ளவர்கள் மட்டும் தங்கள் தோட்டத்தில் ஆடலாம். 1845 வரை அந்தத் தடை சட்டப் புத்தகத்தில் இருந்தது. முந்நூறு வருடம்! தடை போன பிறகும் விளையாட்டு தானாக ஊருக்குள் வந்துவிடவில்லை. கழகங்கள் கட்ட வேண்டியிருந்தது, விதி எழுத வேண்டியிருந்தது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு டபிள்யூ. ஜி. கிரேஸைத் தெரிந்திருக்கும், அந்தப் பெரிய தாடிக்காரர். 1903இல் இங்கிலாந்து போல்ஸ் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவர்தான். கிரிக்கெட்டில் ஆடித் தீர்த்த மனிதர், ஐம்பதைத் தாண்டிய வயதில் போய் நின்ற இடம் அது.

நம் கழகங்களில் யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. பெண்கள் வரக்கூடாது, வயதானவர்கள் வரக்கூடாது, கால் இல்லாதவர் வரக்கூடாது என்று எந்த யாப்பிலும் எழுதியில்லை. அறிவித்தல் அவர்களிடம் போவதில்லை, அவ்வளவுதான். சட்டம் செய்த வேலையை இங்கே ஒரு வாட்ஸப் குழு செய்துவிடுகிறது. சட்டமாவது கண்ணுக்குத் தெரியும், எதிர்த்துப் பேசலாம். வராத அறிவித்தலை எதிர்த்து யாரிடம் போய்ப் பேசுவது?

ஊரில் ஒரு மௌத் என்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். இன்னாருடைய தாய், இந்த நேரம் நல்லடக்கம் என்று. யாருக்குச் சொல்வது, யாரை விடுவது என்று அங்கே பார்ப்பதில்லை. கோயில் திருவிழா என்றால் ஊர் முழுக்க நோட்டீஸ் வரும். மரணத்துக்கும் திருவிழாவுக்கும் எல்லோரையும் அழைக்கத் தெரிந்த நமக்கு, மைதானத்துக்கு மட்டும் அழைக்கத் தெரியாமல் போகுமா?

லோன் போல்ஸ் தளம் ஒன்று வந்தாறுமூலையில் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கோடையில் வெடித்து, மாரியில் குளமாகும் நம் மைதானத்தில் அந்தப் புல்லை வளர்ப்பது பெரிய செலவு. ஆனால் இதற்கு ஒரு சின்ன வடிவம் உண்டு. நாற்பது, நாற்பத்தைந்து அடி நீளமும் ஆறு அடி அகலமும் உள்ள ஒரு விரிப்பில், மண்டபத்துக்குள் ஆடுவது. மழைக்காலத்தில் ஒரு பாடசாலை மண்டபம் போதும். ஆட்டம் முடியச் சுருட்டி வைத்துவிடலாம். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் முயன்று பார்க்கலாம். மைதானத்தைச் சுற்றி நடப்பதற்கு அந்த விரிப்புக்கூடத் தேவையில்லை.

இப்போதைக்குத் தேவை ஒரு தாள். கழகத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்று நானே ஒன்று எழுதிப் பார்த்தேன். விரும்பியவர்கள் திகதியைப் போட்டு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கத்தவர்களுக்கும் ஊர் மக்களுக்கும் அறிவித்தல்

1. வருடாந்தப் பொதுக்கூட்டம் நடக்கும் திகதி, நேரம், இடம். கடந்த வருட வரவு செலவு அன்று வாசிக்கப்படும்.

2. பதினெட்டு வயதைத் தாண்டிய ஆண், பெண் எவரும் அங்கத்தவராகலாம். படிவம் செயலாளரிடமும் மைதானத்துக்கு முன் உள்ள கடையிலும் கிடைக்கும்.

3. பழைய அங்கத்தவர்கள் தங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். விடுபட்டிருந்தால் சேர்க்கப்படும்.

4. காலை 5 முதல் 6.30 வரை மைதானம் நடப்பவர்களுக்கு. அந்த நேரத்தில் பந்தாட்டம் இல்லை. வாசல் லைட் போடப்படும்.

5. வாரத்தில் ஒரு பின்னேரம் பெண்களுக்கும் பாடசாலை விட்ட பிள்ளைகளுக்கும். வலைப்பந்துக் கம்பம் நடப்படும்.

6. மைதானம் துப்புரவாக்கும் முறைப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. எல்லா வயதினரும் உண்டு. தேத்தண்ணி போடுவதற்கும் முறை உண்டு, அதில் தம்பிமாரின் பெயர்களும் இருக்கும்.

7. இந்த வருடம் நம்மை விட்டுப் பிரிந்த அங்கத்தவர்களுக்காகக் கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு நிமிட அமைதி.

இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். போட்டோக் கொப்பிக்கு எவ்வளவு வரும்? கழகத்தின் ஜேர்சி ஒன்றின் விலைகூட வராது. ஒன்றைக் கடையில் ஒட்டுங்கள், ஒன்றைப் பாடசாலைப் பலகையில், ஒன்றைக் கோயில் வாசலில், ஒன்றைக் கிராம சேவையாளர் அலுவலகத்தில். ஏறாவூர்ப் பக்கம் ஒட்ட வேண்டுமென்றால் நான் கொண்டுபோய் ஒட்டுகிறேன்.

தம்பிமாரே, நீங்கள் கிரிக்கெட்டில் கோப்பை எடுத்தால் ஊரே கை தட்டுகிறது. கை தட்டுபவர்களையும் உள்ளே எடுங்கள். உங்களுக்கும் ஒருநாள் நாற்பது வயது வரும், முழங்கால் நோகும். அன்றைக்கு உங்களுக்கு ஓர் இடம் இருக்க வேண்டுமென்றால் அதை இப்போதே எழுதி வையுங்கள்.

ஐந்தாவது விடயத்துக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று கீழே எழுதுங்கள், பெயரோடு. முதல் பெயர் என்னுடையது.