ஆடுகள் காக்கும் எல்லை

தலைநகரில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இன்று பெருங்கவலையாய் இருப்பவற்றுள் ஒன்று, பிள்ளைகள் கணிப்பொறியில் ஆடும் ஆட்டங்கள். கிட்வாய் நகரில் வசிக்கும் நம் வீட்டிலும் அக்கவலை உண்டு. ஆயினும் கண்டிக்குமுன் அவ்வாட்டம் யாதென அறிதல் முறையன்றோ? அங்ஙனம் அறிந்தவற்றுள் எல்லைக் காவல் பற்றிய சிலவற்றை அன்பர்களிடம் சொல்ல விழைகிறோம்.

எட்டாம் வகுப்பில் பயிலும் நம் மகன் ஆடுவது, 2016-இல் வெளியான 'சிவிலைசேஷன்' ஆறாம் பதிப்பு. சிட் மையர் 1991-இல் தொடங்கிவைத்த வரிசை அது. சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது. கைவேகம் வேண்டாம், யோசனையே வேண்டும். நிலம் அறுகோணக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். பொதுவாக ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படையே நிற்கலாம். ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நமக்கு இவ்விதி உடனே விளங்கிற்று. ஒரு பிளாக் பிரிவில் ஒரு சமயம் ஒரு வண்டிக்குத்தானே இடம்!

எல்லை முழுதும் படையை நிரப்புவோம் எனில், ஊதியம் கொடுத்தே கருவூலம் வற்றிவிடும். ஆதலின் இடமறிந்து நிறுத்த வேண்டும். குன்றின்மேல் நிற்கும் படைக்குக் காப்பு வலிமை மிகும். ஆற்றைக் கடந்து தாக்கும் படைக்கு வலிமை குறையும். எதிரி நம் படைக்கு அடுத்த கட்டத்தில் கால்வைத்தால், அம்முறைக்கு அவன் நடை அங்கேயே நின்றுவிடும். ஆகவே இடைவெளி விட்டு நிறுத்திய இரண்டு படைகளே அகன்ற வழியை அடைத்துவிடும். குதிரைப்படைக்கு மட்டும் இத்தடை இல்லை. அதன் பொருட்டு உள்நாட்டில் ஒரு படையைத் தயாராக வைத்தல் நலம்.

இவை நமக்குப் புதியன அல்ல. வள்ளுவர் தம் நூலின் 75-ஆம் அதிகாரத்தை அரணுக்கென்றே வகுத்து, நீரும் நிலமும் மலையும் காடும் அரணாவதைச் சொன்னார். மதில் காக்கும் வீரர்க்கு நொச்சிப்பூவைச் சூட்டியது நம் புறப்பொருள் மரபு. மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டை, 1690-இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகையை 1698 வரை தாங்கிற்று.

நம் தாயார் கும்பகோணத்தினின்று வந்து நம்முடன் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தி வராது. பேரனுக்குத் தமிழ் தடுமாறும். 'சாப்பிட்டாயா?' என்பதற்கு மேல் இருவரிடையே பேச்சு நிகழ்வது அரிதாயிருந்தது. ஒருநாள் திரையைக் காட்டி, "இது என்னடா?" என்று கேட்டார்கள். "பார்டர், பாட்டி" என்றான். "புடவைக்கா?" என்றார்கள். அவன் சிரித்தான், விளக்க முயன்றான், சொல் கிடைக்கவில்லை. "எல்லை என்று சொல்லேன்" என்றவர்கள், தரையில் சாக்குக்கட்டியால் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு கிழித்தார்கள்.

புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை; அடைக்கும் உரிமையே உண்டு. பின்னிடம் காலியாயிருந்தால் புலி ஆட்டைத் தாண்டி வெட்டிவிடும்; அங்கே இன்னோர் ஆடு நின்றால் வெட்ட இயலாது. புலிகள் அசைய வழியின்றிப் போனால் ஆடுகளுக்கே வெற்றி. முதல் நாட்களில் பேரன் தோற்றுக்கொண்டே இருந்தான். பின்னர், "பின்னாலே இடம் விடக்கூடாது, பாட்டி!" என்று தமிழிலேயே வாதிடத் தொடங்கினான். அகழி, மதில், காவல் என்னும் சொற்கள் இன்று அவன் வாயில் இயல்பாய் வருகின்றன.

பாடவேளையில் ஆட்டம் கூடாது என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் ஓய்வு வேளையில் பிள்ளையின் அருகே அமர்ந்து, "இப்படையை ஏன் இங்கே நிறுத்தினாய்?" என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். வேற்றூரில் நம் மொழியைத் தனித்து நிற்கும் பிள்ளை ஒருவனாய்க் காக்க இயலாது. அவனுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றால் போதும்.