ஒரே திசைக் கீறல்கள்

ஸ்டீல் செயின் வைத்த கைக்கடிகாரத்தில் முதலில் அடி வாங்குவது லாக்தான். மணிக்கட்டின் அடிப்பக்கம் இருக்கிற அந்தத் தகடு, எழுதும்போதும் தட்டச்சு செய்யும்போதும் நாள் முழுக்க மேஜையில் உரசிக்கொண்டே இருக்கிறது. மேஜை மரம்தானே, ஸ்டீலை என்ன செய்துவிடும் என்று தோன்றும். கீறுவது மரமல்ல, அதன் மேல் படிந்திருக்கும் தூசி. தெருவிலிருந்து ஜன்னல் வழியாக வரும் தூசியில் நுண்மணல் கலந்திருக்கிறது. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 7. செயின் செய்யும் ஸ்டீல் அதைவிட மென்மை. என் டைட்டன் கடிகாரத்துக்குள் துடித்து நேரம் சொல்வதும் குவார்ட்ஸ், வெளியே அதன் செயினைக் கீறுவதும் குவார்ட்ஸ் என்று நினைத்துப் பார்க்கையில் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு வருகிறது.

அந்தச் செயினை வீட்டிலேயே சரிசெய்யக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த பெரிய தெளிவு இதுதான்: கீறலை நாம் நீக்குவதில்லை. பளபளக்காத, மங்கலான ஒளியோடு இருக்கும் செயினை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் நெருக்கி நெருக்கி மெல்லிய கோடுகள் தெரியும். அத்தனையும் கீறல்கள். தொழிற்சாலையில் வேண்டுமென்றே போட்டவை. எல்லாம் ஒரு பக்கமாகவே ஓடுவதால் அவை கண்ணுக்குக் கீறலாகத் தெரிவதில்லை. வாரி முடித்த தலையில் ஒரு கற்றை மட்டும் எதிர்த்து நிற்பதுபோல, குறுக்கே விழுந்த ஒற்றைக் கோடுதான் வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பி நம் கண்ணை உறுத்துகிறது. ஆகவே வேலை என்பது, அந்தக் குறுக்குக் கோட்டின் மேல் நேர்கோடுகளைப் போடுவது. அவ்வளவுதான்.

இதற்கு வேண்டிய முக்கியக் கருவி எல்லாச் சமையலறையிலும் இருக்கிறது: பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பர். அதன் நாரில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு துகள். ஸ்டீலை எளிதாகக் கீறும். சிங்க்கில் கிடப்பதை எடுக்காமல் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஸ்க்ரப்பர் வழுக்கும், கோடு சீராக விழாது. கூடவே ஒட்டிய தடம் விடாத மாஸ்கிங் டேப், ஆழமான கீறலுக்கு 400, 600 எண் வாட்டர் பேப்பர், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். கம்பி நார் மட்டும் வேண்டாம். இரும்புத் துணுக்குகள் செயினில் பதிந்து, பிறகு அவையே துருப்பிடித்துச் செயினில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

முதலில் செயினைக் கடிகாரத்திலிருந்து கழற்றிவிட வேண்டும். செயினைக் கடிகாரத்தோடு பிணைக்கும் ஸ்பிரிங் பார் துள்ளிப் போய் அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் என்பதால் அகலமான துண்டை விரித்து அதன் மேல் வைத்துக் கழற்றுவது என் வழக்கம். அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பைக் கரைத்துப் பல் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சென்னை வியர்வையில் ஊறிய செயின் என்றால் தண்ணீர் கறுத்துப்போகும். கழுவி முடித்ததும் பாதிக் கீறல்கள் காணாமல் போவதுண்டு. கீறல் என்று நாம் நினைத்ததில் பாதி அழுக்கின் கோடுதான். மேலே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய இடம் இது.

மேலே போவதென்றால், பளபளப்பாக விட்டிருக்கும் பகுதிகளை எல்லாம் டேப்பால் மூட வேண்டும். என் செயினில் நடுக்கண்ணி மட்டும் பளபளப்பு, இரு ஓரமும் மங்கல். நடுவில் ஓடும் அந்த ஒல்லியான பட்டைக்கு டேப் ஒட்டும் வேலைதான் அதிக நேரம் பிடிக்கும், அதில் அவசரப்படக் கூடாது. ஒரு நேரான மரத்துண்டின் மேல் செயினை இழுத்துப் பிடித்து, ஸ்க்ரப்பரை ஒரு முனையில் வைத்து மறுமுனை வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. திரும்பும் இடத்தில் கை ஒரு சிறு வளைவு போடும், கோடும் அங்கே வளையும். நடுவில் நிறுத்தினால் நின்ற இடம் தனியாகத் தெரியும். கையை எடுத்து, மறுபடி தொடக்கத்துக்கு வந்து, மறுபடி ஒரு இழுப்பு. அழுத்தம் தேவையில்லை. விரலுக்கடியில் முதலில் கரகரவென்று இருக்கும் சத்தம் போகப் போகச் சன்னமாகி ஒரே சுருதிக்கு வரும். செயினை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் அந்தக் குறுக்குக் கோடு இரண்டு மூன்று துண்டாக உடைந்து, பிறகு புள்ளிகளாகி, கூட்டத்தில் கரைந்துவிடும். அந்தக் கணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

தேய்த்த இடம் துருப்பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம். ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி 1913-ல் உருக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலிருந்து இன்று நம் வீட்டு எவர்சில்வர் தட்டு வரைக்கும் காப்பது குரோமியம்தான். மேல்தோல் கீறப்பட்ட உடனே புதிதாக வெளிப்பட்ட குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தானே மூடிக்கொள்ளும். நல்ல கடிகாரங்களில் பயன்படும் 316எல் ஸ்டீலில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் உண்டு. வியர்வை உப்பு குழி தோண்டாமல் தடுப்பது அது. மறக்கக் கூடாதது இன்னொன்று: முடித்ததும் மறுபடி கழுவுவது. உதிர்ந்த துகள் கண்ணி இடுக்கில் தங்கினால், கை அசையும்போதெல்லாம் உள்ளே பின்னை அராவும். பழைய செயின்கள் தொளதொளவென்று தொங்குவதை இழுபட்டுவிட்டது என்கிறார்கள். உண்மையில் எதுவும் இழுபடுவதில்லை, பின்னும் அது நுழையும் துளையும் தேய்ந்துபோயிருக்கும்.

பளபளப்புப் பகுதிக்கு நான் போவதில்லை. பிராஸோ தொட்டுப் பஞ்சால் துடைத்தால் மெல்லிய மயிர்க்கோடுகள் போகும், அதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் பஃப் சக்கரத்தில் பிடிக்க வேண்டும். அனுபவமில்லாத கை பிடித்தால் கண்ணியின் கூரான விளிம்புகள் உருண்டுவிடும். மங்கலும் பளபளப்பும் சந்திக்கும் அந்தக் கூர் விளிம்புதான் ஒரு ஸ்டீல் செயினின் உயிர். ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்து 1972-ல் வெளிவந்த ராயல் ஓக் கடிகாரத்தை இன்றும் வியந்து பேசுவதற்கு அதன் எண்கோண முகப்பு மட்டும் காரணமல்ல. சாதாரண ஸ்டீலில், மங்கலான பரப்புக்கும் பளபளக்கும் சரிவுக்கும் நடுவே அவ்வளவு துல்லியமாகக் கோடு பிரித்திருந்தார்கள். அந்த விளிம்பு ஒருமுறை போனால் போனதுதான். பழைய கடிகாரம் சேகரிப்பவர்கள் பாலீஷ் போட்டுப் புதிதாக்கியதைவிடக் கைபடாத, கீறல் விழுந்த கடிகாரத்துக்கு அதிக விலை கொடுப்பது இதனால்தான். ஒவ்வொரு தேய்ப்பும் கொஞ்சம் உலோகத்தை எடுத்துவிடுகிறது, அது திரும்பி வராது. லாக்கின் ஓரத்தில் எங்கோ இரும்புக் கதவில் மோதி விழுந்த ஒரு பள்ளம் என் செயினில் இருக்கிறது. அதை அழிக்க வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் தகடு முழுவதையும் பள்ளத்தின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். அதைத் தொடவே மாட்டேன்.

போன மாதம் அண்ணன் மகன் வந்திருந்தான். செயின் புதுசுபோல இருப்பதைப் பார்த்துத் தன் கடிகாரத்தையும் கழற்றி நீட்டினான். கறுப்பு நிறச் செயின், லாக்கில் நாலைந்து இடத்தில் உள்ளிருக்கும் வெள்ளை உலோகம் தெரிந்தது.

“சித்தப்பா, இதையும் தேய்ச்சுக் குடுங்க.”

“இதுல முடியாதுடா. கறுப்பு மேல்பூச்சுதான். தேய்ச்சா மிச்சமிருக்கறதும் போயிடும்.”

“அப்ப தங்கக் கலர்ல அப்பா கட்டறாரே, அது?”

“அதுவும் முலாம். அதையும் தொடக் கூடாது.”

முகம் சற்று வாடிவிட்டது. அவன் செயினைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, பிரஷ்ஷை அவன் கையிலேயே கொடுத்தேன்.