நீலச் சுடர் மஞ்சளானால்...

ஓசூர் ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் வெந்நீர் இல்லாமல் முடியாது. சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிடுவார்கள். கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தால் ஆபத்து அங்கேதான்.

காற்று போதாவிட்டாலும், பர்னரில் தூசி அடைத்தாலும் கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சிலிண்டர் கேஸுக்காவது வாசனை சேர்த்திருக்கிறார்கள். இதற்கு வாசனையே கிடையாது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு. பிறகு தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது.

நீலச் சுடர் மஞ்சளானால் உடனே அணையுங்கள். வருடம் ஒருமுறை மெக்கானிக்கை வைத்து பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். கீசரை வெளியே மாட்டுங்கள். அதுவரை கதவு, ஜன்னலைத் திறந்துவைத்து பக்கெட்டை நிரப்பி, கீசரை அணைத்த பிறகே குளியுங்கள். வாடகை வீடானாலும் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.