வாட்ஸ்அப்ல வர்ற ஆய்வு ஃபார்மை நிரப்பலாமா?

"ஆராய்ச்சிக்காக இந்த ஃபார்மை நிரப்புங்க, தெரிஞ்சவங்களுக்கும் அனுப்புங்க"ன்னு வாட்ஸ்அப்ல அடிக்கடி வருது இல்லையா? இதை நம்பலாமா டாக்டர்னு இன்பாக்ஸ்ல நிறைய பேர் கேக்குறீங்க. ஒரு த்ரெட்டா எழுதிடுறேன்.

முதல்ல ஒரு நல்ல கதை. எஸ்.சி.ஏ.டி.ன்னு ஒரு இதய நோய். இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாயோட உள்சுவர் தானாவே கிழிஞ்சு, சுவருக்குள்ள ரத்தம் புகுந்து பாதையை அடைச்சிடும். வர்றது ஹார்ட் அட்டாக்தான். ஆனா பெரும்பாலும் பெண்களுக்கு வருது. சுகர், சிகரெட், கொழுப்புன்னு எதுவுமே இல்லாதவங்களுக்கும் வருது. சிலருக்குப் பிரசவம் முடிஞ்ச சில வாரத்துல.

ஒரே ஆஸ்பத்திரியில உக்காந்து இவங்களைத் தேடினா வருஷக்கணக்குல ஆகும். ஆனா அமெரிக்காவுல இந்த நோய்ல பிழைச்ச பெண்கள் ஒரு ஆன்லைன் குழுவுல ஏற்கெனவே ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க. அதுல ஒருத்தர் மேயோ கிளினிக் இதய மருத்துவர் ஷரோன் ஹேய்ஸைப் பார்த்து, எங்களை வெச்சு ஆய்வு பண்ணுங்கன்னு கேட்டாங்க. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்து ஒரே வாரத்துல 12 பேர் சேர்ந்தாச்சு! 2011ல கட்டுரை வந்தது. அந்தச் சின்ன ஆய்வுதான் பின்னாடி பெரிய பதிவேடா வளர்ந்துச்சு. நோயாளிங்களே டாக்டரை வேலை வாங்கின கதை, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போ ஒரு கேள்வி. அந்தக் குழுவை மட்டும் வெச்சு, இந்த நோய் வந்தா நூத்துல எத்தனை பேர் சாவாங்கன்னு சொல்ல முடியுமா?

முடியாது. செத்தவங்க குழுவுல சேர மாட்டாங்க. நோயோட பேரே தெரியாம வீட்டுக்கு அனுப்பப்பட்டவங்களும் அதுல இருக்க மாட்டாங்க.

அரிய நோய்க்காரங்களைத் தேடிப் பிடிக்க சோஷியல் மீடியா அருமையான வழி. ஆனா "நூத்துக்கு எத்தனை"ன்னு கேட்டா சறுக்கிடும். ஆள் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இது சரியாகாது.

2021ல அமெரிக்காவுல நடந்ததைப் பாருங்க. ஃபேஸ்புக் வழியா வாரத்துக்குச் சுமார் 2,50,000 பேர்கிட்ட கொரோனா தடுப்பூசி போட்டாச்சான்னு கேட்டாங்க. மே மாசம் அந்த சர்வே சொன்ன அளவு, அரசாங்கக் கணக்கைவிட 17 சதவீதப் புள்ளி அதிகம். அதே நேரம் வாரத்துக்குச் சுமார் 1,000 பேரை மட்டும் கேட்ட இன்னொரு சர்வே, உண்மைக்கு ரொம்பப் பக்கத்துல வந்துச்சு. அவங்க வீட்டு முகவரிப் பட்டியல்லேர்ந்து ஆளைத் தேர்ந்தெடுத்து, நெட் இல்லாத வீட்டுக்கு நெட்டும் டேப்லெட்டும் குடுத்துக் கேட்டாங்க. ரெண்டரை லட்சம் எங்கே, ஆயிரம் எங்கே!

நம்ம ஊருக்கு வருவோம். எங்க ஓ.பி. வரிசையில நிக்கிற பாட்டிங்க பாதிப் பேருக்கு பட்டன் போன்தான். எந்த ஃபார்மும் அவங்ககிட்ட போகாது. அதனால "தமிழர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு மன அழுத்தம்"னு ஒரு ஃபார்வர்டு ஃபார்மை வெச்சு செய்தி வந்தா, அந்த சதவீதத்தை நான் படிக்கிறதே இல்லை.

அப்போ நிரப்பவே கூடாதா? தாராளமா நிரப்புங்க. முதல் பக்கத்துல யார் பண்றாங்க, எதுக்கு, எந்த எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, சந்தேகம்னா யாரைக் கூப்பிடணும், இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. பிடிக்கலைன்னா பாதியில விலகலாம்னும் போட்டிருக்கணும். ஆதார் நம்பர், ஓடிபி கேட்டா அப்பவே மூடிடுங்க. அது ஆராய்ச்சியே இல்லை.

இன்னொண்ணு. "எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆய்வுக்குத் தேவை"ங்கிற மாதிரி போஸ்ட் கண்ணுல பட்டா, கீழ "நான் வர்றேன்"னு கமென்ட் போடாதீங்க. லைக்கும் வேண்டாம். உங்க பேரோட உங்க நோயை ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடும். அதுல இருக்கிற நம்பருக்கு நேரா போன் பண்ணுங்க.