ஹோல்ஸ்ட் பிறந்த வீட்டைக் காப்பவர்கள்

இங்கிலாந்தின் செல்ட்னம் நகரில், பிட்வில் பூங்காவுக்கு அருகே இருக்கிறது கிளாரன்ஸ் சாலை. அங்கே 4-ஆம் எண் வீடு 1832-இல் கட்டப்பட்டது. 1874 செப்டம்பர் 21 அன்று இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் இந்த வீட்டில் பிறந்தார். அப்பா அடால்ஃப், பியானோ சொல்லிக்கொடுத்தும் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் குடும்பம் நடத்தியவர். அம்மா கிளாரா, அவரிடம் பியானோ கற்க வந்த மாணவி. 1882-இல் அம்மா இறந்த பிறகு குடும்பம் இந்த வீட்டை விட்டு வேறிடம் போய்விட்டது. ஹோல்ஸ்டின் 59 ஆண்டு வாழ்க்கையில் இந்த வீட்டுக்கு உரியவை முதல் ஏழெட்டு ஆண்டுகள்தாம்.

ஏழு கோள்களுக்கு ஏழு பகுதிகளாக அவர் எழுதிய ‘தி பிளானட்ஸ்’ என்ற இசைப்படைப்பு உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. அதில் ஒரு வரிகூட இந்த வீட்டில் எழுதப்படவில்லை. அப்படியானால் இங்கே காப்பாற்ற என்ன இருக்கிறது, அதற்காக இத்தனை பேர் ஏன் உழைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தேன்.

வீடு 1975-இல் அருங்காட்சியகமானது. ஹோல்ஸ்டின் ஒரே மகள் இமோஜென் அப்பாவின் உடைமைகள் பலவற்றை இங்கே கொண்டுவந்து சேர்த்தார், அவரும் இசையமைப்பாளர். தொடக்கத்தில் நகராட்சி பார்த்துக்கொண்டது. 2000 முதல் ஒரு தனி அறக்கட்டளை நடத்துகிறது. சம்பளத்துக்கு இருப்பவர்கள் மிகச் சிலர். வாசலில் வரவேற்பது, அறை அறையாகக் கூட்டிப்போவது, கடையைக் கவனிப்பது எல்லாம் பெரும்பாலும் தன்னார்வலர்கள் வேலை. வாரத்தில் சில மணி நேரத்தை இந்த வீட்டுக்கென்று ஒதுக்கிவிட்டு வருகிறவர்கள் அவர்கள்.

என்னை முதலில் அடித்தளத்துச் சமையலறைக்குத்தான் கூட்டிப்போனார்கள். கரி அடுப்பு, செம்புப் பாத்திரங்கள், துணி துவைக்கும் இடம். வேலைக்காரப் பெண் விடியுமுன் எழுந்து அடுப்பைச் சுத்தம் செய்து பற்றவைத்தால்தான் மேலே இருப்பவர்களுக்கு வெந்நீரும் காலைச் சாப்பாடும். கரியும் தண்ணீரும் மாடி மாடியாகத் தூக்கப்பட்டன. பள்ளிக் குழந்தைகள் வரும்போது இந்த இடம்தான் வகுப்பறை. துவைப்பது, தேய்ப்பது, அடுப்பு வேலை என்று கையால் செய்து பார்க்கிறார்கள். இசையமைப்பாளர் வீட்டில் ஏன் சமையலறையிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று கேட்டேன். பத்து வயதுக் குழந்தைக்கு ஹோல்ஸ்ட் யாரென்று தெரியாது, வாளி தெரியும் என்று பதில் வந்தது. வாளியைத் தூக்கிப் பார்த்த குழந்தை, மாடியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த சிறுவனைப் பற்றித் தானாகவே கேட்கத் தொடங்குமாம்.

மாடி ஏறியதும் இந்த வேலையின் நுணுக்கம் புரியத் தொடங்கியது. பழைய வீட்டின் முதல் பகைவன் வெளிச்சம். பட்டுத்துணி, நீர்வண்ண ஓவியம், கையெழுத்துப் பிரதி போன்றவற்றுக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் கூடாது என்பது அருங்காட்சியகங்களில் வழங்கும் பொது அளவு. எண்ணெய் வண்ண ஓவியம் 200 லக்ஸ் வரை தாங்கும். நன்றாக வெயில் அடிக்கும் ஜன்னலோரத்தில் இந்த அளவைப் போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தால் போன நிறம் திரும்பி வராது. இன்றைய இழப்பு நேற்றைய இழப்போடு சேர்ந்துகொண்டே போகும். ஆகவே திரையை எப்போது இறக்குவது, எவ்வளவு இறக்குவது என்பதே ஒரு முடிவு. முழுக்க இறக்கிவிட்டால் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. திறந்தே வைத்தால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது தூசி. பூ வேலை செய்த ஓவியச் சட்டங்களை யாரும் துணியால் துடைப்பதில்லை. மென்மையான குதிரைமயிர்த் தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, வலை கட்டிய வாக்குவம் குழாய்க்குள் போக விடுகிறார்கள். உதிர்ந்த துண்டு ஏதாவது இருந்தால் வலையில் தங்கிவிடும். வெள்ளிப் பாத்திரத்தை மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளி தேய்ந்து போகிறது என்பதால், பளபளப்பைவிடப் பொறுமைக்கே மதிப்பு. கம்பளத்தின் ஓரத்திலும் அலமாரிக்கு அடியிலும் பசை தடவிய பூச்சிப் பொறிகள். அந்துப்பூச்சி எத்தனை, வண்டுப் புழு எத்தனை என்று எண்ணிக் குறித்து வைக்க வேண்டும். எண்ணிக்கை கூடினால் எந்த அறையில் எந்தக் கம்பளித் துணியைத் தூக்கிப் பார்ப்பது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சேர்க்கை எண், இருக்கும் இடம், நிலைக் குறிப்பு. ஒரு தேநீர்க் கோப்பை இடம் மாறினாலும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இந்த வீட்டின் பெரிய செல்வம் ஹோல்ஸ்டின் பியானோ. ‘தி பிளானட்ஸ்’ இசையின் பெரும்பகுதி இதில்தான் உருவானது. அந்த இசை பிறக்காத வீட்டுக்கு, அது பிறந்த பியானோ வந்து சேர்ந்திருக்கிறது. பியானோவைக் காப்பது நாற்காலியைக் காப்பது போன்றதல்ல. உள்ளே கம்பிகள் டன் கணக்கான இழுவிசையில் நிற்கின்றன. காற்று காய்ந்தால் ஒலிப்பலகை விரிசல் விடும், ஈரம் ஏறினால் கட்டைகள் உப்பிச் சிக்கிக்கொள்ளும். சுத்தியலின் கம்பளி உறை அந்துப்பூச்சிக்கு விருந்து. பழைய பியானோவை வாசிக்க விடுவதா வேண்டாமா என்பது இத்துறையில் தீராத வழக்கு. வாசித்தால் தேயும், தேய்ந்ததை மாற்றினால் அந்தக் காலத்துக் கம்பியும் கம்பளியும் போய்விடும். வாசிக்காமலே விட்டால் வாத்தியம் வெறும் மரச்சாமானாகிவிடும். தேய்ந்தாலும் அதன் குரல் அவ்வப்போது கேட்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

அந்தப் பியானோவுக்கு முன்னால் நின்றபோதுதான் நான் தேடி வந்த பதில் பிடிபட்டது. ஹோல்ஸ்டுக்கு இளம் வயதிலேயே வலது கையில் நரம்புக் கோளாறு. பியானோ கலைஞராகும் கனவு அதோடு முடிந்தது. ட்ராம்போன் வாசித்துப் பிழைத்தார். பிறகு ஆசிரியரானார்: 1905 முதல் லண்டன் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளி, 1907 முதல் மோர்லி கல்லூரி. மோர்லியில் படித்தவர்கள் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்தவர்கள். வார இறுதியிலும் விடுமுறையிலும் கிடைத்த நேரத்தில்தான் அவர் எழுதினார். ‘தி பிளானட்ஸ்’ படைப்பின் முழு இசைக்குறிப்பை எழுதக் கை ஒத்துழைக்காதபோது, பள்ளியில் உடன் வேலை பார்த்த நோரா டே, வாலி லாஸ்கர் என்ற இரு பெண்கள் அவர் சொல்லச் சொல்ல எழுதி உதவினார்கள். 1918 செப்டம்பர் 29 அன்று லண்டன் குவீன்ஸ் ஹாலில் ஏட்ரியன் போல்ட் அதை முதன்முதலில் நடத்தியபோது, கடைசிப் பகுதியான நெப்டியூனில் மறைவிலிருந்து பாடியவர்கள் அவருடைய மாணவிகள்.

சமஸ்கிருத நூல்கள் மேல் ஈர்ப்பு வந்தபோதும் அவர் தெரியாததைக் கற்றுக்கொண்டு செய்யும் வழியில்தான் போனார். கிடைத்த மொழிபெயர்ப்புகள் மனதுக்கு ஒப்பாததால் தாமே அந்த மொழியைப் படித்தார். ரிக் வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்துக் குழுப்பாடல்களாக்கினார். நமக்கெல்லாம் தெரிந்த சாவித்திரி கதையை மூன்று முதன்மைப் பாடகர்களும் சிறிய வாத்தியக் குழுவும் கொண்ட ஓபெராவாக 1908-இல் அமைத்தார். அந்தத் துறையில் பட்டம் இல்லாதவருக்கு இது எதற்கு என்று அவர் தம்மையும் கேட்டுக்கொள்ளவில்லை, தம் மாணவர்களையும் கேட்கவிடவில்லை.

அந்த மனிதர் பிறந்த வீட்டை இன்று நடத்துபவர்களும், ஓய்வு நேரத்தில் வந்து, தெரியாததைக் கற்றுக்கொண்டு செய்கிறவர்கள். லக்ஸ் அளவை எவரும் பிறவியிலேயே அறிந்து வருவதில்லை. வந்து, கேட்டு, பழகித்தான் தேறுகிறார்கள். பெரிய நிறுவனங்கள் இந்த வேலைக்கு நிபுணர் குழு வைத்திருக்கின்றன. சிறிய வீட்டில் அதே தரத்தை நுழைவுச்சீட்டு, நன்கொடை, பள்ளி வகுப்புகள், கடை வருமானம் ஆகியவற்றைக் கொண்டு எட்ட வேண்டியிருக்கிறது. கூரை பழுதுக்கும் காப்பீட்டுக்கும் போக மிச்சமிருப்பதில்தான் தூரிகையும் பூச்சிப்பொறியும் வாங்க முடியும். தன்னார்வலர் ஒருவருக்கு முதுமை வந்து நின்றுபோனால், அவர் மனதிலிருந்த வீட்டைப் பற்றிய அறிவும் அவரோடு போய்விடும் ஆபத்து உண்டு. இளையவர்களைச் சேர்த்துப் பழக்குவது கூரையைப் பழுது பார்ப்பதற்கு இணையான வேலை.

ஹோல்ஸ்டின் இசைக்கு இந்த வீடு தேவையில்லை. இசைக்குழுக்கள் இருக்கும் வரை அது ஒலிக்கும். அவர் இசையை உண்டாக்கிய முறைக்குத்தான் வீடு தேவைப்படுகிறது. உடம்பில் குறையோடும் நேரத்தில் குறையோடும் பல பேர் கைகோத்துப் பெரிய காரியம் ஒன்றைச் செய்ய முடியும் என்பதை அவர் வகுப்பறையில் காட்டினார். சம்பளமில்லாமல் வந்து பூச்சி எண்ணுகிறவர்கள் அதைக் கிளாரன்ஸ் சாலையில் செய்துகாட்டுகிறார்கள். ஒரு இசையமைப்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவகத்தை அரசாங்கம் நினைத்தாலும் கட்டித்தர முடியாது.